மாமி கேட்ட கணக்கு

ஜாலான் புசார்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள லீலா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அஃப்னானும் அவன் வாப்பா அன்வரும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்கள். பகலில் நான் உட்கார்ந்தால் போதும், இரண்டு பேரில் யாருக்காவது ஏதாவது வேண்டியிருக்கும்.

கடிதமா என்று சிரிப்பாய். பின்னே என்ன செய்வது? வாட்ஸாப்பில் நான் பத்து வரி எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். கேட்டால், ஆதவனுக்கு நைட் ஷிஃப்ட், வைஷாலிக்குச் சளி, புது வீட்டில் பெட்டிகள் இன்னும் பிரிக்கவில்லை. இந்த மூன்றும்தான் மாறி மாறி. ஜூரோங்கும் சிங்கப்பூருக்குள்தானே, லண்டனிலா இருக்கிறது? தாளில் எழுதினால் கட்டைவிரல் போட முடியாதல்லவா, அதனால்தான் இது.

நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஸ்கேன் முடிவு வந்தது. சுத்தமாக இருக்கிறதாம். டாக்டர் டியோ திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. “அந்த வெள்ளையாகத் தெரிவது என்ன டாக்டர்?” என்று கேட்டேன். “அது உங்கள் விலா எலும்பு. எல்லோருக்கும் இருக்கும் லா” என்றார். நர்ஸ் மரிசெல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

மரிசெல் உன்னைத்தான் கேட்டாள். “எங்கே அந்த ஃபோன்காரி?” என்றாள். எனக்கு மருந்து ஏறும் ஒவ்வொரு தடவையும் நீ வீடியோவில் அஃப்னானைக் காட்டுவாய். அவள் ஓடி வந்து என் ஃபோனை டிரிப் ஸ்டாண்டில் பிளாஸ்டர் போட்டு ஒட்டி வைப்பாள், ஞாபகம் இருக்கிறதா? மற்ற நோயாளிகளுக்கு ஊசி போட்டுவிட்டுப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, “பேபி குடிச்சாச்சா?” என்று கேட்காமல் போகமாட்டாள். இப்போது அவளுக்கு வேறு கவலை. வலிக்கிற மாதிரி இருந்தால் நான் அவளைக் கூப்பிட வேண்டுமாம், கூகிளைத் திறந்தால் கோபித்துக்கொள்வாளாம். நேற்று அஃப்னானைத் தூக்கியதில் தோள் வலித்தது. ஃபோனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். திறக்கவில்லை. அதற்காவது என்னைப் பாராட்டு.

லீலா, உனக்கு நான் உட்கார்ந்து நன்றி சொன்னதே இல்லை. போன வருஷம் கீமோ மருந்து தொடங்கியபோது அஃப்னானுக்கு ஐந்து மாதம். ஒரே நாளில் பாலை நிறுத்தச் சொன்னார்கள். அவன் புட்டியை நாக்கால் தள்ளினான், கரண்டியைத் தட்டிவிட்டான். நான் ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு கிடக்கிறேன், நம் பிளாக்கின் ஒன்பதாம் மாடியில் உன் வீட்டிலிருந்து நீ கூப்பிடுகிறாய். “ஷமி, ரொம்ப நேரமா அழறான். வைஷுவுக்குக் கொடுக்கிற பாலை இவனுக்கும் கொடுக்கட்டுமா? கேட்கக் கூடாதுன்னா மன்னிச்சிடு.” “கொடுடி” என்றேன். கொஞ்ச நேரத்தில் உன் பக்கம் அழுகை நின்றது. அந்த அமைதியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவன் கஞ்சிக்குப் பழகும்வரை, மாதக்கணக்கில், வலது பக்கம் உன் மகள், இடது பக்கம் என் மகன். என் உடம்பை டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். என் பிள்ளையை நீ பார்த்துக்கொண்டாய்.

அதனால்தான் கேட்கிறேன். ஜூன் மாதம், சிகிச்சை முடிந்ததற்காக வீட்டில் துஆ ஓதிச் சாப்பாடு போட்டோமே, அன்றைக்கு நீ நெய்ச்சோற்றைத் தொடாமலே போய்விட்டாய். தலைவலி என்றாய். அடுத்த மாதம் வீடு மாறிப் போனாய். அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? மருந்து வேகத்தில் யாரிடமாவது எரிந்து விழுந்திருப்பேன், எனக்கே தெரியாது. உன் பிள்ளையை நினைத்தாவது சொல். இரண்டு பிள்ளைகளையும் நினைத்து என்று எழுத வந்தேன்.

உன்
ஷமீமா

*

ஜூரோங்
20 செப்டம்பர் 2025

அன்பு ஷமி,

ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிவிட்டாய், இனி நான் தப்பிக்க முடியாது. உன் கடிதத்தை வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் பிரித்தேன். “சுத்தமாக இருக்கிறதாம்” என்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற சீன அங்கிள் ஒரு பாக்கெட் டிஷ்யூவை அப்படியே கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தள்ளிப் போய் நின்றார். ஏதோ காதல் தோல்வி என்று நினைத்திருப்பார். ஆதவனிடம் சொன்னேன். அவர் வீரமாகாளியம்மன் கோயிலில் உன் பேருக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம், எனக்கே சொல்லவில்லை, கள்ளன். இந்த வெள்ளிக்கிழமை போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். உன் நட்சத்திரம் கேட்டார் குருக்கள். நான் என்னுடையதைச் சொல்லிவிட்டேன்.

வைஷு இப்போது நாற்காலியில் ஏறி ஃபேன் சுவிட்சைப் போடுகிறாள். சளி உண்மைதான், பெட்டிகளும் உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

நீ தப்பாக எதுவும் பேசவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்காதே. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லாவிட்டால் நீ உன்னையே குடைந்துகொள்வாய், அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு உன் மாமியிடம் கேட்கப் போகாதே.

அன்றைக்கு நான் உங்கள் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்வரின் அம்மா வந்து கதவைச் சாத்தினாங்க. என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, நம்ம புள்ளைக்கு நீ பால் கொடுத்தியாமே? ஷமீமா இன்னக்கி காலைலதான் சொன்னா” என்றாங்க.

“ஆமா மாமி. அவன் புட்டி குடிக்கல, அதான்.”

“எத்தனை தடவை?”

அவங்க விடவில்லை. “வயிறு நிறையக் குடிச்சானா, சும்மா வாய் வச்சானா? அஞ்சு தடவையாச்சும் இருக்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.”

எவ்வளவு உள்ளே போய்விட்டது என்று கணக்குப் பார்க்கிறாங்க, அப்படித்தான் எனக்குப் பட்டது ஷமி. தொழுகை விடாத குடும்பம், நான் சாமி கும்பிடுகிறவள். யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதங்களில் நான் ஹலால் கறியைத் தவிர வேறு கறி தொடவில்லை. அவன் குடிக்கிறானே என்று நானாகத்தான். அதை மாமியிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. உன் வீட்டில் என்னால் உனக்குப் பேச்சு வரக் கூடாது, நீ அப்போதுதான் எழுந்து நடக்கிறாய். அதனால் பொய் சொன்னேன். “ரெண்டு மூணு தடவைதான் மாமி. சரியாக் குடிக்கக்கூட இல்ல.”

அவங்க முகம் அப்படியே வாடிவிட்டது. “அவ்வளவுதானா” என்று சொல்லிவிட்டு என் கையை விட்டுட்டாங்க. இரண்டு தடவையே அவங்களுக்குத் தாங்கவில்லை என்றால் நான் எப்படி உட்கார்ந்து சோறு சாப்பிடுவது?

கோபம் இல்லை. அவங்க பேரன், அவங்க வழக்கம். நீ குணமாகிவிட்டாய், அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? தோள் வலிக்குப் பிள்ளையை இடது இடுப்பில் மாற்றி வை. அஃப்னானுக்கு என் முத்தம்.

லீலா

*

ஜாலான் புசார்
23 செப்டம்பர் 2025

அடி லீலா,

கேட்கப் போகாதே என்று எழுதியிருந்தாய். கேட்டுவிட்டேன். கீழே தபால்பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன், லிஃப்டுக்குக்கூடப் போகவில்லை, அங்கிருந்தே மாமியைக் கூப்பிட்டேன். கதை முழுவதும் சொல்லி முடித்தேன்.

மாமி, “அல்லாவே! அப்ப அவ பொய்யா சொன்னா?” என்றாங்க.

“உங்களுக்குப் பயந்துதான் மாமி.”

“நான் என்ன போலீஸா? என் பேரனுக்கு ஒரு தாயை மறைச்சுட்டாளே, அந்தப் புள்ள!”

இனி நான் சொல்வதை நிதானமாகப் படி. எங்கள் மார்க்கத்தில், பால்குடி வயதில் ஒரு பிள்ளைக்கு ஒருத்தி வயிறு நிறைய ஐந்து முறை பால் கொடுத்துவிட்டால், அவள் அந்தப் பிள்ளைக்குத் தாய். பால்குடித் தாய் என்போம். அவள் எந்த மதமாக இருந்தாலும் தாய்தான். அவள் பிள்ளைகள் இவனுக்குக் கூடப் பிறந்தவர்கள் மாதிரி. கல்யாணம் செய்துகொள்ள முடியாது, அந்த அளவுக்கு உறவு. ஐந்துக்குக் குறைந்தால் உறவு இல்லை. அதற்காகத்தான் மாமி கணக்குக் கேட்டது. தீட்டு இல்லை லீலா. நீ யார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாங்க.

மாமி முகம் ஏன் வாடியது தெரியுமா? “கதவைச் சாத்திக்கிட்டு, வாயெல்லாம் சிரிப்போட போனேன். புள்ளைக்கு ஒரு தாய் கிடைச்சா, பொம்பளைப் புள்ள இல்லாத வீட்டுல ஒரு அக்காவும் கிடைச்சான்னு. ரெண்டு தடவைங்கறா. அது கணக்குல சேராதே! நீதான் கூட்டிச் சொல்லிட்டேன்னு நினைச்சு உன்கிட்ட வாயே திறக்கல” என்றாங்க. அதற்குள் அழுகை. பிறகு எனக்குத் திட்டு. “படிச்சவதானே நீ? அவகிட்ட இதை முன்னாடியே சொல்ல மாட்டியா?”

திட்டு சரிதான். எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம், உனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அப்போது என் தலையில் மருந்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இரவு அன்வரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். ஹலால் கறி என்ற இடத்துக்கு வந்ததும் தாளை மடித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்விட்டார். வெளியே வர நேரமானது. வந்து, “நாம அவங்களுக்கு ஒரு வேளைச் சோறுகூடச் சரியாப் போடல” என்றார்.

இதில் உனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காதே, சொத்தெல்லாம் கிடையாது. ஆனால் நாளைக்கு அவன் தாடி மீசையோடு வளர்ந்து நின்றாலும் உன்னைக் கட்டிப்பிடிக்கலாம். மற்றப் பெண்களிடம் அவன் தள்ளி நிற்க வேண்டிய வயதிலும் உன் மடியில் தலை வைக்கலாம். அவன் கல்யாணத்தில் உனக்கு இடம் என் பக்கத்தில்.

ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஸ்கேன் சுத்தம்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் நான் மரிசெல்லைக் கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கத்தான் போகிறேன். எனக்கு ஏதாவது ஆனால் அவனுக்கு இன்னொரு தாய் இருக்கிறாள் என்ற நினைப்பு ஒரு ஓரத்தில் இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் கேட்கவில்லை. நான் எண்பது வயது வரை இருந்தாலும் நீயும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இது எங்கள் வழக்கம். உன் வீட்டில், உன் அம்மா அப்பா, ஆதவன், என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மார்க்கம் உன்னைத் தாய் என்று சொல்லிவிட்டது என்பதற்காக உன்மேல் சுமத்த மாட்டேன். ஆதவனிடம் பேசு. உனக்கே மனம் வர வேண்டும். மனம் வந்தால், மாமி தன் கையால் நெய்ச்சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு ஜூரோங்குக்கே வருகிறாங்களாம். நானும் அன்வரும் அஃப்னானும் கூட வருவோம். வரவில்லை என்றால் அதையும் எழுது, நான் தாங்கிக்கொள்வேன், இதைவிடப் பெரியதெல்லாம் தாங்கியாகிவிட்டது.

அஃப்னானுக்கு நீ தாயாக இருக்கச் சம்மதமா? சீக்கிரம் பதில் எழுது.

உன்
ஷமீமா