‘மோசமில்லை’ என்றேன்

ஜனவரி 14
பனி அள்ள இடது கை எழவில்லை. வலது கையாலேயே அள்ளினேன். அந்தத் தோளில் தடுப்பூசி போட்டு இரண்டு குளிர்காலம் ஆகிறது. வக்கீல் டெனிஸ் அழைத்தார். மார்ச்சில் விசாரணை, நான் சாட்சி சொல்ல வேண்டும். ஊசி போட்ட பெண்ணுக்குத் தொல்லை வருமா என்று மறுபடியும் கேட்டேன்.
“அந்தப் பொண்ணை யாரும் தொடப் போறதில்ல சார். வழக்கு அரசாங்கத்து மேல. பணமும் தடுப்பூசியால பாதிக்கப்பட்டவங்களுக்குன்னே அரசாங்கம் வச்சிருக்கற நிதியிலேர்ந்து.”

ஜனவரி 22
அரசு வக்கீலின் பதில் வந்தது. ஊசி போட்ட இரண்டு நாளுக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அன்றிரவே தொடங்கியது. ஆனால் அடுத்த வாரம் இரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது, “எப்படி இருக்கீங்க?” என்றார் நர்ஸ். “மோசமில்லை” என்றேன். வலியை வெளியே சொல்லிப் பழகாத மினசோட்டாக்காரன் வேறென்ன சொல்வான்? அவர் ‘வலி இல்லை’ என்று எழுதிவிட்டார். அதைத்தான் அரசு வக்கீல் எடுத்துக் காட்டுகிறார்.
அப்படியானால் நான் பொய்யனா? அன்றிரவு வலித்தது உண்மைதானா? இத்தனை வருடம் வேதியியல் கற்பித்தவன் — என் நினைவைச் சோதிக்க வழி தெரியவில்லை.

பிப்ரவரி 27
தூக்கமில்லை.

மார்ச் 5
விசாரணை, கணினித் திரையில். நீதிபதி அன்பாகத்தான் கேட்டார்: “இப்ப கை எப்படி இருக்கு, ட்வைட் சார்?”
“மோசமில்லை.” வாய் தானாகச் சொல்லிற்று. டெனிஸ் கண்ணை மூடிக்கொண்டார். கெட்டது குடி.
அடுத்து என் மனைவி ஆர்டிஸ். நர்ஸிடம் நான் ஏன் வலியைச் சொல்லவில்லை என்று அரசு வக்கீல் கேட்டார்.
“இவரா? குடல்வால் வெடிச்சு ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்பவும் மோசமில்லன்னுதான் சொன்னாரு! ஊசி போட்ட ராத்திரி சட்டையக் கழட்டி விட்டதே நான்தான். பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னாரு. என்னங்கன்னா, காபி இருக்கான்னு கேக்கறாரு.”
நீதிபதி வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். சிரித்தாரா?

ஜூன் 11
தீர்ப்பு எங்கள் பக்கம். ஆர்டிஸின் சொல்லை நம்பியிருக்கிறார்கள். தொகை பிறகு முடிவாகும். மகிழ்ச்சி வரவேண்டும். பயம் ஏன் போகவில்லை? — தெரியும். எழுதத் துணிவில்லை.

ஜூன் 18
தோளைப் பார்த்துவிட்டு, “வேற ஏதாச்சும்?” என்றார் டாக்டர். பழைய சொல் நாக்கில் வந்து நின்றது.
“மாடி ஏறினா நெஞ்சு இறுக்குது. ஈஸ்டர்லேர்ந்து.”
ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் உடனே தொலைபேசியை எடுத்தார்.
இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். காலையில் இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். ஆர்டிஸ் பக்கத்து நாற்காலியில்.
“பயமா இருக்கா?”
“ஆமா,” என்றேன்.