நானே வெட்டிய கவிதை

1968, ஆடி, செவ்வாய்க்கிழமை இரவு

இன்று என் கவிதையை நானே வெட்டிப் போட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு முப்பது வருஷமாக ஒரு வரிகூட எழுதாதவன். காலையில் கம்பெனியில் பனியன் துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு போட நீலச் சாக்பீஸை எடுத்தேன். மேல் துணியில் கை தானாக நான்கு வரி எழுதிவிட்டது. படித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

தாள் தேடுவதற்குள் முதலாளி வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், இன்னும் வெட்டலீங்களா? டைலருங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க."

"இதோ ஆச்சுங்க."

அவர் கண்ணுக்கு அதுவும் அளவுக் குறிதான். நகரவே இல்லை. கத்தரி கழுத்து வளைவில் இரண்டாம் வரியைத் தின்றது. கைக்குழியில் மூன்றாவது போயிற்று. கழிவுத் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டார்கள். மற்ற இரண்டும் தையலுக்குப் போய்விட்டன.

இப்போது வீட்டில் பேனா இருக்கிறது, தாள் இருக்கிறது, அவசரப்படுத்த ஆளில்லை. காலையில் எழுதியதும் நினைவில்லை, புதிதாக ஒரு சொல்லும் வரமாட்டேன் என்கிறது. கம்பெனியில் அந்தப் பாழாய்ப்போன துணி வெட்டும் மேசை முன்னால் நின்றால்தான் வரும் போலிருக்கிறது.

தீபாவளியோடு வேலையை விட்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். இனி எப்படி விடுவேன்?