மூன்றாவது மன்றாட்டில் உன் பெயர்

இன்று பூசை முடிந்து கோயில் வாசலில் சப்பாத்துப் பனியை உதறிக்கொண்டிருந்தபோது, ஒரு அன்ரி என் கையில் துண்டுத்தாள் ஒன்றைத் திணித்தார். மடித்து மடித்து நைந்த தாள். "தம்பி, எங்கட இவருக்கு வாற கிழமை ஒப்பரேசன். மூண்டாவதில போட்டுவிடும்" என்றார். தாளில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. உன்னிடம் வந்திருக்க வேண்டிய தாள்.

மூன்றாவது மன்றாட்டு நோயாளர்களுக்கு, நான்காவது இறந்தவர்களுக்கு. ஞாயிறு தமிழ்ப் பூசையில் பிரசங்கத்துக்குப் பிறகு வாசிக்கிற நான்கு மன்றாட்டுகளையும் நாலு வருடம் நாம் இருவரும் எழுதினோம். வெள்ளி பின்னேரம் நீ டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிவிட்டு வருவாய். நான் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் விமான உதிரிப்பாகங்களைச் சோதித்து அறிக்கை எழுதிவிட்டு வருவேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் உங்கள் வீட்டுக் குசினி மேசையில் நீ எழுதுவாய், நான் நீளமான வசனங்களை வெட்டுவேன்.

"உன்ர மன்றாட்டில கடவுளுக்கே மூச்சு வாங்கும்" என்பேன்.

"உன்ர மன்றாட்டு மெசினோட வாற புத்தகம் மாதிரிக் கிடக்கு மச்சான். வாசிச்சுப்போட்டு ஆமென் சொல்லுறதோ, ஸ்குரூ பூட்டுறதோ?"

ஒருமுறை, "இரவு வேலை முடிந்து நேரே வந்து இந்தப் பூசையில் நித்திரை கொள்கிறவர்களுக்காக" என்று எழுதினாய். நான் வெட்டினேன். எனக்குத் தெரியாமல் திரும்பப் போட்டுவிட்டாய். ஞாயிறன்று கோயிலே சிரித்த சத்தத்தில் பின் வரிசை வாங்கில் நித்திரையாயிருந்த மூன்று பேர் திடுக்கிட்டு எழும்பினார்கள். பூசை முடிய நான் கத்தினேன். நீ அசையவில்லை. "பொதுவாச் செபிச்சா ஒருத்தருக்கும் போய்ச் சேராதடா. ஆளைச் சொல்லு" என்றாய். நல்ல எழுத்துக்கான விதி ஒன்றைச் சொல்கிறாய் என்று நினைத்தேன். உனக்குச் செபமே அதுதான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு வேலையை மட்டும் நீ என்னிடம் தந்ததே இல்லை. நோயாளி ஒருவர் இறந்தால் பெயரை மூன்றாவதிலிருந்து எடுத்து நான்காவதில் போட வேண்டும். அதற்கு முன் நீ அந்த வீட்டுக்கு போன் எடுப்பாய். ஆள் என்ன வேலை செய்தவர், எதைச் சொல்லிச் சிரிப்பவர் என்றெல்லாம் கேட்பாய். அரை மணித்தியாலம் போகும். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஒரு பேரை வெட்டி ஒட்ட இவ்வளவு நேரமோ?"

"வெட்டி ஒட்டுறதெண்டா உன்னட்டையே தந்திருப்பன்."

பிறகு உனக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. உன் பெயரை மூன்றாவதில் நானே போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து போனில் வசனம் சொன்னாய். பிறகு அதுவும் நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை நீ செத்துப்போனாய். வியாழன் அடக்கம். பெட்டியின் இடது பக்கம் நான் பிடித்தேன். வெள்ளிக்கிழமை கணினியில் பழைய கோப்பைத் திறந்து, திகதியை மாற்றி, முதல் மன்றாட்டை அந்த வாரச் சுவிசேஷத்துக்கு ஏற்றபடி திருத்தி அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு, வாசித்த பெண் உன் பெயரைச் சொல்லி, பூரண சுகம் பெற்று எங்கள் மத்தியில் திரும்பி வர வேண்டுமென்று மன்றாடினாள். உன் அம்மா முன் வாங்கில் இருந்தா. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுக்கப் பதில் சொன்னது. ஒருவரும் தடுமாறவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

சோதனையில் தவறிய பாகத்துக்குக் காரணம் எழுதுவது என் தொழில். இதற்குக் காரணம் ஒரு வரி: பெயரை இடம் மாற்றுகிறவன் செத்துப்போனான்.

"அம்மா, என்ர பிழை" என்று போய் நின்றேன்.

"நானும் கேட்டருளும் எண்டுதான் சொன்னனான் தம்பி. வாய் பழகிப்போச்சு" என்றா. அழவில்லை. நானும் அழவில்லை.

அன்றே மூன்றாவதிலிருந்து உன் பெயரை அழித்தேன். நான்காவதில் போடக் கை போகவில்லை. மூன்று ஞாயிறு நீ எதிலும் இல்லை. உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடுவது என்று முடிவெடுத்தேன். எனக்குச் செபம் வருவதில்லை. செபம் வராதவன் மற்றவர்களுக்கு மன்றாட்டு எழுதுவது, சோதிக்காத பாகத்துக்குக் கையெழுத்து வைப்பது போல. அதை நான் வேலையில் செய்வதில்லை. கோயிலில் மட்டும் ஏன் செய்ய வேண்டும்?

ஆனால் அதற்கும் உன் பெயரை நான்காவதில் போட்டாக வேண்டும். உன் முறைப்படியே உன் வீட்டுக்கு போன் எடுத்தேன். உன்னைப் பற்றிக் கேட்டேன்.

"உனக்குத் தெரியாததை நான் என்னத்தையடா சொல்ல?" என்றா அம்மா. பிறகு, "நீ வெட்டுற வசனத்தையெல்லாம் ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறான். படுக்கமுதல் அதைத்தான் செபமாச் சொல்லுவான். ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கொப்பியைத்தான் கொண்டுவரச் சொன்னவன்" என்றா.

எனக்குக் கோபம் வந்தது. நாலு வருடம், ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. பிறகு கோபமும் போய்விட்டது. உன் பெயரை நான்காவதில் தட்டினேன். அழுகையோ ஆறுதலோ வரவில்லை. பூசையன்று நானே வாசித்தேன். சனம் பதில் சொன்னது. நானும் அவர்களோடு சொன்னேன்.

விலகவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானே எழுதி நானே வெட்டுகிறேன். வெட்டுவதற்கு முன் அந்த வசனத்தை ஒருமுறை சத்தமாகச் சொல்லி, ஆமென் சேர்க்கிறேன். விசுவாசத்தோடோ என்று நீ கேட்பாய். தெரியாது மச்சான். சொல்லிவிட்டுத்தான் வெட்டுகிறேன்.