மூன்று ராத்திரி விருந்தாளி

டுப்ரோவ்னிக்,
24 ஜூன் 2013

லூட்சே,

இருபத்தோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்க மனம் வரவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் இங்கே வந்து மூன்று ராத்திரி தங்கிவிட்டுப் போனான்.

நான் இப்போது நம் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுத்தான் பிழைக்கிறேன். போன திங்கட்கிழமை பேருந்து நிலையத்தில் மற்றப் பெண்களோடு 'அறை உண்டு' என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதுகில் பெரிய மூட்டையோடு ஒரு பையன் இறங்கினான். அடுத்த சந்து யெலே, "எங்க வீட்ல இருந்து பாத்தா கடல் தெரியும், வா ராசா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளை விட்டு நேராக என்னிடம் வந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "உன் மூஞ்சியப் பாத்தே பயந்துட்டான்டி" என்று அவளைச் சீண்டிவிட்டு அழைத்து வந்தேன்.

வீட்டில், விருந்தாளிப் பதிவுக்காக வழக்கம்போல பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். நிக்ஷா பாச்சிச். நம் அப்பாவின் பெயர், உன் புருஷனின் குடும்பப் பெயர். எழுதி முடித்துத் திருப்பிக் கொடுத்து, "குளியலறை இடது பக்கம், தம்பி" என்றேன். அவனும் தான் யாரென்று சொல்லவில்லை. நம் பேச்சை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு, "எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றான். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.

விருந்தாளிகளுக்கு நான் சமைப்பதில்லை. இவனுக்குச் சமைத்தேன். இரண்டாம் நாள் மாலை மத்தி மீன் சுட்டு, கீரையும் உருளைக்கிழங்கும் வைத்தேன். சாப்பிடும்போது கேட்டான்:

"தனியாவா இருக்கீங்க? கூடப் பொறந்தவங்க யாரும் இல்லயா?"

"ஒருத்தி இருந்தா. இப்ப இல்ல."

அதற்குப் பிறகு அவன் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலையில் பணத்தை மேசையில் வைத்துவிட்டு வாசலில் நின்றான். "வேற ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டான். "சாவியக் குடுத்துட்டுப் போ" என்றேன்.

அவனை எதற்கு அனுப்பினாய்? வீட்டில் பாதி உன் பெயரில் இருக்கிறது, எனக்குத் தெரியும். அறைகளை அளந்து பார்க்கவா? எதுவானாலும் நேரே கேள்.

தேசா


ஃபிரிமேன்டில்,
ஆஸ்திரேலியா,
9 ஜூலை 2013

அக்கா தேசாவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாறவே இல்லை, அதே கிறுக்கல். உள்ளே இருந்த மனசும் அதே.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். ஊர் ஊராகச் சுற்றப் போகிறேன் என்று மூட்டை கட்டினான். பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வா என்றேன். நீ அறைகளை வாடகைக்கு விடுகிறாய் என்று ஊர்க்காரர்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். அவன் பையில் உனக்கு ஒரு கடிதம் வைத்திருந்தேன். "நீயா யாருன்னு சொல்லாதே. அவ உன்னைத் தெரிஞ்சுக்கிட்டா கடிதத்தைக் குடு" என்று சொல்லி அனுப்பினேன். "தெரியாமப் போச்சுன்னா?" என்று கேட்டான். நான் சிரித்தேன். "பாஸ்போர்ட்ட வாங்கிப் பாப்பாடா. அப்பா பேரைப் பாத்ததும் உன்னைக் கட்டிப் பிடிச்சு அழுதே கொன்னுடுவா" என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

வியாழக்கிழமை பேருந்திலிருந்து போன் செய்தான். "அம்மா, பெரியம்மாவுக்குத் தங்கச்சியே இல்லயாம்" என்றான். உனக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது, பெயரைச் சரியாகப் படித்திருக்க மாட்டாய் என்று இரண்டு வாரம் அவனைத் தேற்றினேன். உன் கடிதத்தைப் பார்த்தால், முதல் நிமிஷமே தெரிந்துகொண்டிருக்கிறாய்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் புருஷன் பேரோ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. பையனும் வளர்ந்துவிட்டான். செப்டம்பரில் ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறேன், சின்ன அறை எனக்குப் போதும், இருக்கிற காலத்தை உன்னோடு கழிக்கிறேன் என்று எழுதியிருந்தேன். வீட்டை அளக்க அல்ல, அக்கா.

யுத்தத்தில் ஊரைச் சுற்றி வளைத்துக் குண்டு போட்ட குளிர்காலத்தில் அப்பா செத்தார். சாவுக்கு வராத பாவி, இனி என் வாசலை மிதிக்காதே என்று நீ எழுதினாய். நானும் ரோஷத்தில் பதில் போடவில்லை. அது என் தப்பு. ஆனால் பிள்ளை என்ன செய்தான்? அவனிடம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்? அதை மட்டும் உண்மையாகச் சொல். இன்னும் எனக்கு வரத்தான் ஆசை.

உன் தங்கை
லூட்சே


டுப்ரோவ்னிக்,
26 ஜூலை 2013

என் அன்புத் தங்கைக்கு,

உண்மையைக் கேட்டாய். பாஸ்போர்ட்டில் பெயரை மட்டும் நான் பார்க்கவில்லை. பிறந்த தேதியையும் பார்த்தேன். 1991 டிசம்பர் 19. அப்பாவைப் புதைத்துப் பத்தாம் நாள்.

அந்த வருஷம் ஏப்ரலில் நீ இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படும்போதே அவன் உன் வயிற்றில் இருந்திருக்கிறான். முன்னால் இரண்டு தடவை கரு தங்காமல் போனதால் யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறாய். அப்புறம் யுத்தம் வந்து போனும் இல்லை, தபாலும் இல்லை. நிறைமாதக்காரி எப்படி வந்திருப்பாய்? வழி திறந்திருந்தாலும் உன்னால் வந்திருக்க முடியாது. பிள்ளை பெற்ற உடம்போடு இருந்தவளுக்கு நான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

அப்பா கடைசி நாள் வரைக்கும் "லூட்சே வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "வழியில வந்துக்கிட்டிருக்கா" என்று பொய் சொல்லிச் சொல்லி எனக்குள் விஷம் ஏறிவிட்டது. இருபத்தோரு வருஷமாக மாதா கோயிலிலும் சந்தையிலும் உன்னைத் திட்டியிருக்கிறேன். ஊரே என்னோடு சேர்ந்து திட்டியிருக்கிறது. பையனை "வாடா கண்ணு" என்று கூப்பிட்டால், இத்தனை நாள் சொன்னது தப்பு என்றும் சொல்ல வேண்டும். யெலே முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லிவிடலாம் என்று மூன்று நாளும் அவன் பின்னாலேயே நடந்தேன். வெட்கமாக இருந்தது, லூட்சே. வேறு ஒன்றுமில்லை.

சின்ன அறைக்கு இனி யாரையும் விடமாட்டேன். சுண்ணாம்பு அடித்துவிட்டேன். ஆஸ்திரேலியாவில் உனக்கு என்ன பழக்கமோ, மெத்தை கெட்டியாக வேண்டுமா மெதுவாக வேண்டுமா என்று எழுது. எப்போது வருகிறாய் என்றும் எழுது. கழுதைக்கு இப்போதுதான் புத்தி வந்தது என்று திட்டு. வந்து திட்டு.

உன் அக்கா
தேசா


ஃபிரிமேன்டில்,
14 ஆகஸ்ட் 2013

தேசாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது பெட்டி பாதி அடுக்கியிருந்தது. செப்டம்பர் பன்னிரண்டுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோபத்தில் பேசாமல் இருந்தேன் என்று எழுதியிருந்தால் வந்திருப்பேன். உன் கோபம் எனக்குப் புதிதில்லை, அதில்தான் வளர்ந்தேன். ஆனால் முதல் நாளே, பதிவு எழுதிய அந்த நேரமே, என்மேல் தப்பில்லை என்று உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் என் பிள்ளைக்கு மீன் சுட்டுப் போட்டு, தங்கை இப்போது இல்லை என்றாய். தெரிந்த பிறகுதான் சாவியைக் கேட்டாய். தெரிந்த பிறகுதான் உட்கார்ந்து, வீட்டை அளக்கவா அனுப்பினாய் என்று எனக்குக் கடிதம் எழுதினாய். நான் பதில் எழுதி நெருக்கியிராவிட்டால் இதையும் சொல்லியிருக்க மாட்டாய்.

யெலேயின் முகத்துக்குப் பயந்தாய். என் முகம் உனக்கு நினைவு வரவில்லை. நான் அங்கே வந்து இறங்கினால், சந்தையில் என்னைப் பற்றி என்ன சொல்லிச் சமாளிப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த வயதில் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

உன் கடிதத்தை நிக்ஷாவிடம் படித்துக் காட்டினேன். "பாவம்மா அவங்க" என்றான். அவன் நல்ல பிள்ளை. எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை.

வீட்டில் என் பாதியை உன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வக்கீல் காகிதத்தை அங்கேயே அனுப்புவார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். அதற்குப் பிறகு எதற்கும் என்னைக் கேட்க வேண்டியதில்லை. எழுதவும் வேண்டியதில்லை.

லூட்சே பாச்சிச்