நான் இறுக்கிய போல்ட்டுகள்

ஆகஸ்ட் 30, சனி

பிரேக்கில் சத்தம் என்று ஒருவன் வந்தான். கௌண்டரில் நான் நிற்கிறேன். முழங்கை வரை கிரீஸ், சட்டையில் 'டாம்சின்' என்று தைத்திருக்கிறது. என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் யாரும் இல்லையா, கண்ணு?" என்கிறான்.

"நான்தான்."

"இல்ல, நிஜ மெக்கானிக்."

முதலாளி வாரிக் உள்ளேயிருந்து வந்தார். என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன் பார், என்னைச் செருப்பால் அடிக்கணும். "டாம்சின், நீ போய் அந்த ஆயிலை மாத்து" என்றார்.

பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி இரண்டு வருஷமாகிறது. ஆயில், டயர், வைப்பர். எஞ்சினைத் திறக்கும் வேலையெல்லாம் பையன்களுக்கு.

கடை மூடும்போது கேட்டுவிட்டேன், ஏன் என்று. வாரிக் சிரித்தார். "உன் குட்டிக் காருக்கு சூப்பர்சார்ஜர் வாங்கி வச்சிருக்கியாமே? நீயே மாட்டு. நவம்பர் மலைப் பந்தயத்துல உச்சி வரைக்கும் ஓட்டிக் காட்டு. ஒண்ணும் கழண்டு விழாம வந்தா எஞ்சின் வேலை உனக்கு."

பையன்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

வீட்டு ஷெட்டில் ஆரம்பித்தாயிற்று. முன் பம்பர் கழன்றது, ரேடியேட்டர் கழன்றது. இப்போது கார் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருக்கிறது.

என் புருஷன் டேன் பீர் பாட்டிலோடு வந்து கதவில் சாய்ந்து நின்றான். "நாம எப்ப முடிப்போம், டாம்?"

நாமா? நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவன் ஒரு டயர்கூட மாற்றி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சட்டைக் கை வழியாக அக்குள் வரை. நாய் வேறு அதை நக்க வருகிறது. விஷம் அது, சனியனே, போ!

செப்டம்பர் 14, ஞாயிறு

சூப்பர்சார்ஜரைச் செய்தவன் அமெரிக்காக்காரன். உலகம் முழுக்க ஸ்டியரிங் இடது பக்கம்தான் என்று அவனுக்கு நினைப்பு. நம் காரில் அது வலது பக்கம். காற்றுக் குழாய் நேராக பிரேக் பூஸ்டரில் போய் முட்டுகிறது. விளக்கப் புத்தகத்தில் படம் மட்டும் அழகாக இருக்கிறது.

வாரிக்கிடம் கேட்டால் சொல்லுவார். கேட்க மாட்டேன்.

குழாயை அறுத்து, வேறு வளைவு வைத்து, நானே வெல்டிங் செய்தேன். மூன்றாவது தடவைதான் உட்கார்ந்தது. கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது. வலிக்கட்டும்.

செப்டம்பர் 20, சனி

முக்கியமான நாள். சூப்பர்சார்ஜரைத் தாங்கும் பிராக்கெட்டை எஞ்சினில் பொருத்திவிட்டேன். எஞ்சினிலிருந்து வரும் பெல்ட்தான் அதைச் சுற்றும், அது சுற்றிக் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். பிராக்கெட் மயிரிழை ஆடினாலும் பெல்ட் பிய்த்துக்கொண்டு போகும். அலுமினிய மரை வேறு. குறைத்து இறுக்கினால் கழலும், கூட்டி இறுக்கினால் மரை நாசம். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் கிளிக் என்று சொன்ன இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு போல்ட்டும் கிளிக் சொன்னதும் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு. போல்ட் அசைந்தால் கோடு உடையும். நான் இறுக்கியது, சரியாக இறுக்கியது, இதற்கு மேல் யாரும் தொடாதே என்று அர்த்தம்.

அப்பா எட்டிப் பார்த்தார். கார் தொழிற்சாலை மூடும் வரைக்கும் கதவு பொருத்தும் லைனில் இருந்தவர். சின்ன வயதில் என் சைக்கிளில் நான் இறுக்கிய நட்டையெல்லாம் எனக்குத் தெரியாமல் மறுபடி இறுக்குவார். இன்றைக்கும் கை நீண்டது.

"அப்பா. தொடாத."

"சும்மா பாக்குறேன்மா."

"கண்ணால பாரு."

செப்டம்பர் 27, சனி

கால்பந்து இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவே டி.வி. முன்னால். வாரிக் காலையில் போன் செய்கிறார்: "பையன்களுக்கு மேட்ச் இருக்கு. நீ ஒருநாள் கடையப் பாத்துக்கயேன், கண்ணு."

எனக்கு மேட்ச் இல்லையா? என் வீட்டில்தான் பதினைந்து பேர் சாசேஜ் சுட்டுத் தின்கிறார்கள். டேனின் கூட்டாளிகள், அவன்கள் பெண்டாட்டிகள், அப்பா. நான் ஆளில்லாத கடையில் ரேடியோ கேட்டுக்கொண்டு ஆயில் மாற்றினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோடுகள் உடைந்திருக்கின்றன.

பிராக்கெட்டின் நாலு போல்ட்டிலும். மஞ்சள் பாதி இங்கே, பாதி அங்கே. கீழ் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிடிப்பே இல்லை. மரை போச்சு.

அப்படியே அப்பாவுக்கு போன் போட்டேன்.

"ஏன்பா தொட்ட?"

"எதை?"

"நடிக்காத. உன் புத்தி எனக்குத் தெரியாதா? நான் செய்யறது எதுவும் உனக்குச் சரியா இருக்காது. சைக்கிள்ல ஆரம்பிச்சது. கடையில அவனுங்க பத்தாதுன்னு நீ வேற!"

அதோடு விடவில்லை நான்.

"இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத."

"சரி" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

டேன் சோபாவிலிருந்து, "பெரியவரு பாவம், விடேன்" என்றான்.

அக்டோபர் 1, புதன்

அப்பா போன் செய்யவில்லை. நல்லது. செய்ய வேண்டாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

சூப்பர் மார்க்கெட்டில் ரேனே. டேனின் கூட்டாளி ஒருவனுடைய மனைவி. "உங்க கார் சூப்பர்ப்பா! டேன் என்னமா வேலை பண்ணிருக்கான்!" என்று போனை நீட்டினாள். இறுதிப் போட்டியன்று எடுத்த வீடியோ.

என் ஷெட். என் கார். பானெட் திறந்திருக்கிறது. டேன் ஒரு கையில் பீர், மறு கையில் நீளக் கைப்பிடி ஸ்பேனர். டார்க் ரென்ச்கூட இல்லை. "ஒரு மாசமா உயிரைக் குடுத்துப் போட்டேன் மச்சான். இதெல்லாம் இப்படி இறுக்கணும், பாரு." முழு உடம்பையும் போட்டு இழுக்கிறான். கூட்டம் ஓ என்கிறது. ஓரத்தில் அப்பா குரல் கேட்கிறது: "டேய், அதைத் தொடாத. அவ கோடு போட்டிருக்கா." டேன் திரும்பியும் பார்க்கவில்லை.

பால் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"நீதானா?" என்றேன் டேனிடம்.

"சும்மா ஒரு ஷோ காட்டினேன், டாம். இதுக்குப் போய்..."

"நான் எங்கப்பாவைத் திட்டும்போது பக்கத்துலதான உக்காந்திருந்த?"

கேட்டான் பாருங்கள் கேள்வி: "அவனுங்க முன்னாடி பொண்டாட்டி போட்டதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

எப்படியா? வாயைத் திறந்து சொல்லுடா. கடையில் வாரிக், வீட்டில் இவன். ஒருத்தன் வேலையைத் தர மாட்டான், இன்னொருத்தன் செய்த வேலையைத் திருடுவான்!

அக்டோபர் 6, திங்கள்

டேன் அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். எக்ஸ்பாக்ஸை எடுத்துக்கொண்டான். நாயை விட்டுவிட்டான்.

அக்டோபர் 11, சனி

பாழான ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே எஃகுச் சுருள் வைத்தேன். துளை கோணலானால் எஞ்சின் பிளாக்கே குப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு துளைத்தேன். நேராக இறங்கியது.

நாலு போல்ட். நாலு கிளிக். நாலு கோடு.

அக்டோபர் 12, ஞாயிறு

காரின் கம்ப்யூட்டரில் எரிபொருள் அளவை மாற்றி ட்யூனிங் செய்யாமல் ஓட்டினால் பிஸ்டன் உருகும். ஒப்புதல் வாங்காமல் ரோட்டில் இறக்கவும் கூடாது. ட்ரெய்லர் வேண்டும். அது இருப்பது அப்பாவிடம்.

அவர் வாசலில் குப்பைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அது டேன்பா."

"தெரியும்."

"அப்பவே சொல்லிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே. தீர்ப்புதான சொன்ன." குழாயை மூடினார். "சொல்லிருந்தாலும் நம்பிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். அதைச் சொன்னேன். மன்னிச்சிடுப்பா என்றும் சொன்னேன்.

"ட்ரெய்லருக்கா வந்த?"

"அதுக்கும்தான்."

"டயர்ல காத்து இல்ல. அடிச்சிட்டு எடுத்துக்க."

அக்டோபர் 25, சனி

ட்யூனிங் முடிந்தது. சோதனை உருளைகள் மேல் காரை ஏற்றி முழு மிதி மிதித்தபோது சூப்பர்சார்ஜர் ஊளையிட்டது. அய்யோ, அந்த ஊளை!

நவம்பர் 2, ஞாயிறு

மலைப் பந்தயம். முன்தினம் மழை, காலையில் பாதை காய்ந்திருந்தது. சோதனை அதிகாரி வந்து பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்கிறார், பெட்ரோல் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று. அப்பா கோப்பையை என் பக்கம் நீட்டினார். அந்த மனுஷனுக்கு முகம் என் பக்கம் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது!

ஏறினேன். இரண்டாவது வளைவில் பின்பக்கம் வழுக்கியது, பிடித்துவிட்டேன். மூன்று ஓட்டம், மூன்றும் உச்சி வரைக்கும். ஐந்தாவது இடம். பெல்ட் நழுவவில்லை.

வாரிக் வந்தார். குனிந்து பார்த்தார். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "நல்ல வேலை, கெல்வின். பொண்ணுக்கு நல்லா ஒத்தாசை பண்ணிருக்க" என்கிறார்.

எனக்கு மண்டைக்குள் வெடித்தது. வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்:

"ஒத்தாசையா? தொடாத போல்ட்டுக்கே என்னை வீட்டுப் பக்கம் வராதன்னுட்டா. தொட்டிருந்தா உயிரோட விட்டிருப்பான்னு நெனைக்கிறியா?"

நவம்பர் 4, செவ்வாய்

நாடே வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும் குதிரைப் பந்தய நாள். எல்லாரும் ஆபீஸ் டி.வி.யைச் சுற்றி நின்று கத்துகிறார்கள். என் மேடையில் ஒரு யூட்டின், பின்னால் சரக்குத் தட்டு வைத்த காரின், எஞ்சின். காலையில் வந்தபோதே வைத்திருந்தது. வாரிக் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் மேல்மூடியை இறுக்கி முடித்துக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் வாரிக் எஞ்சின் மேல் குனிந்திருக்கிறார். கையில் ஸ்பேனர்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவர் முதல் போல்ட்டைப் பார்த்தார். பக்கத்துப் போல்ட்டைப் பார்த்தார். எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு. ஸ்பேனரைத் தட்டில் வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போனார்.

பெயின்ட் பேனா தீரப் போகிறது. இன்னொன்று வாங்கணும்.