தகரத்தில் தட்டாத பஸ்

என் வாயாடி மச்சான் தவத்துக்கு,

நீ போன பிறகு கண்டக்டராக உன் இடத்தில் நான்தான் நிற்கிறேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடுகிற அதே பஸ், நீ தொங்கிய அதே மிதிபலகை, அதே சாரதி யோகண்ணன். உன் தோல்பையை என் தங்கச்சிதான் எடுத்துத் தந்தாள். "அவருக்குப் பதிலா நீங்க போங்கண்ணன். யோகண்ணனத் தனிய விட்டுப்போடாதீங்க" என்றாள். உன் பெண்சாதியும் பிள்ளையும் சுகம், அதைப் பற்றிக் கவலைப்படாதே. யோகண்ணனுக்குத்தான் சுகமில்லை. அதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

களுதாவளை தாண்டி நீ துவக்கு வெடிபட்டுச் செத்த இடம் வந்ததும் அவருடைய கைகள் ஸ்டேரிங்கில் நடுங்கத் தொடங்கும், காய்ச்சல்காரன் கை மாதிரி. முதலில் புத்தி சொல்லிப் பார்த்தேன். "நடந்தது நடந்து போச்சு, பயப்பிடாதீங்கண்ணன்." "நீ உன்ட அலுவலப் பாரு" என்று வெட்டிவிட்டார். நானும் ஒரு மடையன். நடுங்குகிற மனிசனிடம் நடுங்காதே என்றால் நின்றுவிடுமா?

பிறகு உன் வழிக்கு வந்தேன். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்டதையும் கதைத்தேன். வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றி முதுகு பிடித்துக்கொண்டது, என் கோழி அயல்வீட்டில் போய் முட்டையிடுவது, எல்லாம்தான். ஒருநாள், "உன்ட கோழிக்கும் உன்னப் போலதான் புத்தி" என்று சிரித்தார். அன்று எனக்கு வயிறு குளிர்ந்தது மச்சான்.

ஆனால் வீட்டில் அவர் வாயே திறப்பதில்லையாம். போன கிழமை அவருடைய பெண்சாதி சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லம் எண்டு சொல்றார். வயலுக்கு அடிக்கிற மருந்தையெல்லாம் அயல்வீட்டுல கொண்டு வச்சிரிக்கன்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் வேலைக்கு வந்த முதல் நாளே யோகண்ணன் சொல்லியிருந்தார்: "தகரத்துல தட்டாத. போறதெண்டாலும் நிப்பாட்டுறதெண்டாலும் வாயால சொல்லு." ஒரு தட்டென்றால் நில், இரண்டு தட்டென்றால் போ. இது இல்லாமல் பஸ் ஓடுமா? புதுப் பெயின்ற் கீறுப்படும் என்று சொல்கிறாராக்கும் என நினைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை ஆமிச் சென்றித் தடையில் நடந்ததைக் கேள். வழக்கம்போல் சனமெல்லாம் இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நின்றது. வெறும் பஸ்ஸை யோகண்ணன் தனியே மெல்ல ஓட்டிப்போக வேண்டும். ஆமிக்காரன் கெதியாக, வேகமாக என்று கத்தினான். அந்தப் பதற்றத்தில், கீழே பஸ்ஸின் பின்பக்கம் நின்ற என் கை தானாகப் போய்த் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கித் தடைக்கு நடுவில் நின்றது. எஞ்சினும் நின்றுவிட்டது.

துவக்குகள் நிமிர்ந்துவிட்டன. யோகண்ணன் ஸ்டேரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு கிடக்கிறார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "எஞ்சின் நிண்டு போச்சு சேர், எஞ்சின்!" என்று கத்தியபடி சாரதி யன்னல் பக்கம் போனேன்.

"யோகண்ணன், இஞ்ச பாருங்க. நான் இஞ்சதான் நிக்கன். கிளச்ச மிதிங்க. ஓம், அப்பிடித்தான். இப்ப சாவியத் திருப்புங்க. நான் கதைச்சிக்கிட்டே வாறன், நீங்க என்ட பக்கத்துல மெல்ல வாங்க."

என்னவெல்லாம் கதைத்தேனோ தெரியாது. தூக்கிய கை தூக்கியபடியே நடந்தேன். பஸ் என்னோடு ஊர்ந்து தடைக்கு அப்பால் வந்து சேர்ந்தது.

மட்டக்களப்பில் சனம் இறங்கிப்போன பிறகும் அவர் இருக்கையை விட்டு எழும்பவில்லை. நானும் எஞ்சின் பெட்டியில் குந்தினேன். கடைசியில் அவரே கேட்டார்.

"அண்டைக்குத் தவம் எத்தின தட்டுத் தட்டினவன் தம்பி? ஒண்டா, ரெண்டா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். அன்று வெடிச்சத்தமும் சனத்தின் குழறலுமாக இருந்ததாம். அதற்குள் நீ தகரத்தில் தட்டியது கேட்டதாம். போகச் சொல்கிறாய் என்று நினைத்து அவர் மிதித்த மிதியில் பஸ் பறந்திருக்கிறது. நீ மிதிபலகையில் வெடிபட்டுக் கிடந்தது வெகுதூரம் போன பிறகுதான் தெரிந்ததாம்.

"ஒண்டாத்தான் இருந்திரிக்கும். நிப்பாட்டச் சொல்லித்தான் தட்டியிருப்பான். நிப்பாட்டி ஒரு துணியக் கட்டியிருந்தா இண்டைக்கு அவன் இருப்பான். நான்தானே அவனச் சாகக் குடுத்தன்."

இத்தனை நாளும் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா இந்த மனிசன் பஸ் ஓட்டினார்?

"ரெண்டுதான் அண்ணன்" என்றேன். "நிப்பாட்டியிருந்தா அந்த வெடிக்குள்ள எத்தின சனம் செத்திரிக்கும்? அது அவனுக்குத் தெரியாதா? ஓடுங்க எண்டுதான் தட்டினவன்."

"நீ அண்டைக்கு பஸ்ஸில இல்லையே தம்பி."

"நான் இல்லதான். ஆனா அவன் என்ட தங்கச்சிட புருசன். எனக்கு அவனத் தெரியும்."

என் தோளில் முகத்தை வைத்துக் குழறி அழுதார். நானும் அழுதேன்.

இன்று அவர் வேலைக்கு வரவில்லை, பஸ் நின்றது. பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய் இருட்டும்வரை கதைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சோறு தின்றார். "நாளைக்கு வருவீங்கதானே?" என்று கேட்டேன், கை கழுவ எழும்பிப் போய்விட்டார். விடிந்தால் வருவாரா? உன் பெயரில் நான் சொன்ன பதில் அவருடைய நெஞ்சில் இறங்கியதா? தங்கச்சியிடம் இதையெல்லாம் சொல்லலாமா?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அவர் வந்தாலும் வராவிட்டாலும் நாளைக்கும் அவர் பக்கத்தில் போய்க் குந்துவேன். கதைப்பேன், கதைக்க விடுவேன். நீ செய்திருக்கக்கூடியதை என்னால் ஆனமட்டும் செய்வேன்.

நீ தட்டியது ஒன்றாகவே இருந்தாலும், மச்சான், அந்த மனிசனுக்காக அதை இரண்டென்றே வைத்துக்கொள்.

உன் பிள்ளையின் மாமன்,
குணம்