ஜேடர்பாளையம் வரைக்கும்

1984, ஆடி வெள்ளி. இரவு.

கண்ணை மூடினால் அந்தச் சத்தம் கேட்கிறது. எழுதினாலாவது விடுகிறதா பார்க்கலாம்.

சின்னுசாமியை முந்தாநாள் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். நுரையீரலில் புற்றுநோய், எலும்பெல்லாம் பரவிவிட்டது. அவர் வீட்டார் ஜேடர்பாளையத்திலிருந்து சேலத்துக்கு, எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கே டாக்சி கொண்டுவந்து நின்றார்கள். நான்தான், இந்த ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏறட்டும் என்றேன். பாதி இறங்குவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

அவர் மனைவி என் காலைப் பிடித்துக்கொண்டார். "ஊட்டுப்படி தாண்டற வரைக்கும் உசுரு நிக்கோணும் சாமி." வெளியில் செத்தவரை அவர்கள் வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள், வாசலோடு சரி.

நெஞ்சை அழுத்தினேன். நாலாவது அழுத்தலில் விலா எலும்பு முறிந்தது, காய்ந்த சுள்ளி மாதிரி. நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு முறிந்தன. நாடி திரும்பியது. வலிக்கு ஊசி போட்டால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, போடாமலே பின்சீட்டில் கிடத்தி அனுப்பினேன். எலும்பு முறிந்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

இன்று அவர் தம்பி ஒரு வாழைத்தாரோடு வந்து கும்பிட்டார். வீட்டுக்குள் பாயில் கிடத்தி, பால் ஊற்றிய பிறகுதான் உயிர் போனதாம்.

"அண்ணன் வழி நெடுக முனகிக்கிட்டேதானுங்க வந்தாரு, டாக்டரம்மா. முனகல் நின்னா எங்களுக்குப் பயமா போயிருமுங்க. நீங்க பண்ணுனாப்பலயே நெஞ்ச அமுக்கிப் பாப்போம். மறுக்கா முனகுவாரு. அப்பறந்தானுங்க எங்களுக்கு நிம்மதி."

நல்லதுங்க என்றேன்.